மலையகத்து வீட்டில் விளையாட்டுக் கணினி

பாகம் பாகமாக வாங்கி வீட்டிலேயே பூட்டும் விளையாட்டுக் கணினிக்கு எட்டுப் பொருட்கள் வேண்டும்: ப்ரொசெசர், அதன் சூட்டைத் தணிக்கும் கூலர், மதர்போர்ட், ரெம், எஸ்.எஸ்.டி., கிராஃபிக்ஸ் கார்ட், பவர் சப்ளை, இவை எல்லாவற்றையும் அடக்கும் கேசிங். மொனிட்டர், கீபோர்ட், மவுஸ் தனிக் கணக்கு. கடைக்காரரைக் கேட்டாலும் யூடியூபில் தேடினாலும் பட்டியல் கிராஃபிக்ஸ் கார்டிலிருந்துதான் தொடங்கும். விளையாட்டு எவ்வளவு தெளிவாக, தடங்கலில்லாமல் ஓடும் என்பதைப் பெரும்பாலும் அதுவே தீர்மானிப்பதால் கொழும்பில் இருப்பவருக்கு இந்த வரிசை பொருந்தும். நுவரெலியா, ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்து வீடொன்றுக்குப் பட்டியலைத் தலைகீழாக்கி, பவர் சப்ளையிலிருந்து தொடங்குவதே புத்தி. இங்கே ஒரு கணினியின் ஆயுளைத் தீர்மானிப்பவை இரண்டு: சுவரிலிருந்து வரும் மின்சாரம், பழுதானால் கடை இருக்கும் தூரம்.

மின்சாரத்துக்கும் இந்த மலைகளுக்கும் உறவு பழையது. பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1912இல் நுவரெலியாவுக்கும் நானுஓயாவுக்கும் இடையே பிளக்பூலில் ஒரு சிறு நீர்மின் நிலையத்தை அமைத்தார். அவர் கனவு கண்ட பெருந்திட்டத்தின் முதற்கட்டம், நோர்ட்டன் பிரிட்ஜ் அணையோடு, 1950இல் லக்ஷபானவில் இயங்கத் தொடங்கியது. இந்த மின்நிலையங்களைச் சுற்றியுள்ள தோட்டங்களின் வரிசை வீடுகளான லயங்களுக்கு மின்விளக்கு வந்து சேர அதன் பிறகும் பல பத்தாண்டுகள் பிடித்தன. வந்த பின்னும் எல்லா வீட்டுக்கும் ஒரே தரத்தில் வரவில்லை. மின்மாற்றிக்கு மிகத் தூரத்தில், நீண்ட கம்பியின் கடைசியில் இருக்கும் வீடுகளில், எல்லோரும் கேத்தலும் இஸ்திரிப்பெட்டியும் போடும் மாலை நேரத்தில் 230 வோல்ட் இருக்க வேண்டிய அழுத்தம் நன்றாகவே இறங்கிவிடும். இதோடு மழைக்காலத்தில் கம்பியில் மரம் விழுந்து வரும் மின்தடைகளும், எப்போதாவது நாடு முழுவதும் இருளும் நாட்களும் உண்டு. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை துணைமின் நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததால் முழு இலங்கையும் இருண்டதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

சுவரிலிருந்து வரும் மாறுமின்னோட்டத்தை 12, 5, 3.3 வோல்ட் நேர்மின்னோட்டமாக மாற்றி மற்ற ஏழு பாகங்களுக்கும் பங்கிடுவது பவர் சப்ளை. மலிவான கேசிங்கோடு இலவசமாக வரும் பவர் சப்ளையில் 500 வொட் என்று ஒட்டியிருக்கும். அந்த எண்ணுக்கு எந்தப் பொறுப்பும் இல்லை. அது எரியும்போது சில வேளை மதர்போர்டையும் கூட்டிக்கொண்டே போகும். வாங்கும்போது ‘80 பிளஸ்’ சான்று இருக்கிறதா, உள்ளீடு 100 முதல் 240 வோல்ட் வரை என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்த முழு வீச்சுள்ளவை அழுத்தம் 180க்கு இறங்கினாலும் தாங்கும். 200 முதல் 240 வரை மட்டும் ஏற்பவையும், பின்னால் 115, 230 என்று தள்ளும் சிவப்புச் சுவிட்ச் உள்ள பழைய வகையும் அப்படித் தாங்குவதில்லை.

எத்தனை வொட் வேண்டும் என்பதற்குக் கடைகளில் கேட்கும் எண்கள் பெரும்பாலும் ஊதிப்பெருத்தவை. ஏ.எம்.டி.யின் ரைசன் 5 5600 ப்ரொசெசர் உச்சத்திலும் 88 வொட்டைத் தாண்டாது. என்விடியாவின் ஆர்.டி.எக்ஸ். 4060 கார்டின் அளவு 115 வொட். மதர்போர்ட், ரெம், எஸ்.எஸ்.டி., விசிறிகளுக்கு ஓர் 50 வொட் சேர்த்தால் மொத்தம் 250 வொட்டைச் சுற்றி நிற்கிறது. இதற்கு நல்ல 550 வொட் பவர் சப்ளை தாராளம். பெயர் தெரியாத 750 வொட்டை விடத் தரமான 550 மேல். பின்னால் பெரிய கார்ட் வாங்கும் எண்ணம் இருந்தால் தரமான 650.

அடுத்தது புவித்தொடுப்பு, வழக்கில் ‘ஏர்த்’. கணினிப் பாகங்களைப் பற்றிய பேச்சில் இது வருவதே இல்லை, ஆனால் பழைய லயத்துக் காம்பிராக்களிலும் அவசரமாக வயர் இழுத்த வீடுகளிலும் இதுதான் முதல் வேலை. பவர் சப்ளைக்குள் இரைச்சலை வடிகட்டும் சிறு கொள்ளளவிகள் இரண்டு மின்கம்பிகளையும் கேசிங்கின் உலோகத்தோடு இணைக்கின்றன. ஏர்த் இருந்தால் அங்கே கசியும் நுண்ணிய மின்னோட்டம் மண்ணுக்குப் போய்விடும். ஏர்த் இல்லையென்றால் கேசிங் முழுவதும் ஏறத்தாழ 115 வோல்ட்டில் மிதக்கும். தொட்டால் உயிருக்கு ஆபத்தில்லாத ஒரு சுரீர் தெரியும். ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்றால் அது கூடுதலாகத் தெரியும். மனிதர் தாங்கினாலும் யூ.எஸ்.பி., எச்.டி.எம்.ஐ. துளைகள் எப்போதும் தாங்குவதில்லை. 13 ஆம்பியர் சதுர ப்ளக் தேசிய நியமமான பிறகும் பழைய வீடுகளில் வட்டத் துளை 5 ஆம்பியர் சொக்கட்டுகள் இருக்கின்றன. அவற்றில் மூன்றாவது துளை இருந்தாலும் அதன் பின்னால் கம்பி இருக்கிறதா என்பது வேறு கேள்வி. ஒரு மின்னிணைப்பாளரை அழைத்து ஏர்த் கம்பியையும் ட்ரிப் சுவிட்சையும் சோதித்துக்கொள்வதற்கு ஆகும் செலவு, வாங்கப் போகும் எந்தப் பாகத்தின் விலையை விடவும் குறைவு.

யூ.பி.எஸ். ஒன்று இல்லாமல் இங்கே விளையாட்டுக் கணினி வைப்பது வீண் துணிவு. அழுத்தத்தைத் தானே ஏற்றி இறக்கும் ‘லைன் இன்டரக்டிவ்’ வகையே தேவை. மாலை நேர இறக்கத்தை அது பெட்டரியைத் தொடாமலே சரிசெய்யும். 650 வி.ஏ. என்று எழுதிய சிறு யூ.பி.எஸ். உண்மையில் 360 முதல் 390 வொட் வரைதான் தரும், அதுவும் சில நிமிடங்களுக்கு. அதிலுள்ள 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பெட்டரியின் முழுச் சேமிப்பே 84 வொட்-மணி. 250 வொட் சுமையில் அதன் பெரும்பகுதி வீணாகி, பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். விளையாட்டைத் தொடர அது போதாது, சேமித்து மூடப் போதும். விளையாட்டுப் புதுப்பிப்பு இறங்கிக்கொண்டிருக்கும்போதோ மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸ் மாற்றப்படும்போதோ மின்சாரம் போவதுதான் உண்மையான சேதம்.

இடிமின்னலுக்கு யூ.பி.எஸ். காப்பு அல்ல. பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில் மலைமேல் இடி கட்டும் நாட்கள் அதிகம். அந்நேரங்களில் ப்ளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கி வைப்பதே ஒரே வழி. ரவுட்டரிலிருந்து கணினிக்கு வரும் கேபிளையும் கூடவே கழற்ற வேண்டும். மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு இதை மறந்து மதர்போர்டை இழப்பவர்கள் உண்டு. மின்னலில் எரிந்த பாகத்துக்கு எந்தக் கடையும் உத்தரவாதம் தருவதில்லை.

மின்கட்டணத்தையும் முன்கூட்டியே கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். 250 வொட் கணினி நாளுக்கு மூன்று மணி நேரம் ஓடினால் மாதத்துக்கு 22 அலகுக்கு மேல் வரும். எண் சிறியதுதான், ஆனால் இலங்கையின் வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறுவது. மாதம் 60 அலகைத் தாண்டியதும் முதல் அலகு தொடக்கம் வேறு, கூடிய வீதம் விழும், நிலைக்கட்டணமும் மாறும். இதுவரை 45 அலகில் நின்ற குடும்பம் 67க்குப் போனால் பில் 22 அலகு அளவுக்கு மட்டும் ஏறுவதில்லை. குறைந்த வொட்டில் ஓடும் பாகங்களைத் தேடுவதற்கு இது நல்ல காரணம்.

மலையகத்தின் குளிர் ஒரு செலவைக் குறைக்கிறது. நுவரெலியா நகரம் கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஆண்டுச் சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியஸ் அளவு. கொழும்பில் அது 27, 28. உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் விசிறி தள்ளும் காற்றின் நிறை குறையும்: காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதன் 80 வீதம்தான், குளிரால் காற்று கொஞ்சம் இறுகுவதைச் சேர்த்தாலும் அடர்த்தி 83 வீதமளவே. ஆகவே அதே கூலர் இங்கே சற்றுத் திறன் குறைந்தே வேலை செய்யும். ஆனால் தொடக்கமே 12 பாகை கீழே இருப்பதால் லாபம் நட்டத்தை விஞ்சிவிடுகிறது. கொழும்பில் 73 பாகையில் நிற்கும் ப்ரொசெசர் இங்கே 67ஐ ஒட்டி நிற்கும் என்று கணக்கிடலாம். தண்ணீர்க் கூலருக்கும் ஆறேழு வண்ண விசிறிகளுக்கும் கொட்டும் பணத்தை இங்கே பவர் சப்ளைக்குத் திருப்பிவிடலாம். ரைசன் 5 5600 பெட்டியோடு வரும் கூலரே போதும்.

குளிரின் மறுபக்கம் ஈரம். மூடுபனியும் மாதக்கணக்கான மழையும் உள்ள வீட்டில் நாள்கணக்கில் மூடிக்கிடக்கும் கணினிதான் கெடும். தினமும் ஓடும் கணினி தன் சூட்டிலேயே உலர்ந்துகொள்ளும். ஜனவரி, பெப்ரவரியில் தரையில் உறைபனி படியும் காலைகளில், சில்லிட்டுக் கிடக்கும் பாகத்தின் மேல் சமையலறை ஆவி பட்டால் நீர் துளிர்க்கும். குளிரில் பயணம் செய்து வந்த பொதியை உடனே பிரிக்காமல் இரண்டு மூன்று மணி நேரம் அறையில் வைத்துவிட்டுப் பிரிப்பது அதனால்தான். பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பிராவில் விறகடுப்பும் கணினியும் ஒரே கூரைக்குக் கீழ் இருந்தால் புகைதான் பெரிய எதிரி. எண்ணெய்ப் பசையுள்ள கரி கூலரின் தகடுகளில் படிந்து தூசியைப் பிடித்துக்கொள்கிறது; அது ஊதினால் போகாது, தூரிகை வேண்டும். முன்பக்கம் வலைத்துளையும் கழற்றிக் கழுவக்கூடிய வடிகட்டியும் உள்ள கேசிங்கை எடுத்து, அடுப்புக்கு எதிர்ச்சுவரில், தரையிலிருந்து உயர்த்தி வைப்பது நல்லது.

இனி விளையாட்டைத் தீர்மானிக்கும் பாகங்கள். விலையின் அளவு முதலில் தெரிய வேண்டும். ஆர்.டி.எக்ஸ். 4060 கார்ட் 2023 ஜூனில் 299 டொலருக்கு வெளியிடப்பட்டது. ஒரு டொலர் 300 ரூபா என்று வைத்தால் 89,700 ரூபா. 2024 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள 18 வீத வற் வரியைச் சேர்த்தால் ஏறத்தாழ 1,05,850. கடைக்காரரின் லாபம் இன்னும் சேரவில்லை. 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளருக்கு நிர்ணயிக்கப்பட்ட அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. அந்தக் கணக்கில் அந்த ஒரு கார்ட் 78 நாள் வேலை. 2022இன் சில மாதங்களுக்குள் டொலர் 200 ரூபா அளவிலிருந்து 360ஐத் தொட்ட அனுபவத்துக்குப் பிறகு கடைகள் விலைக்குறிப்பை நாளுக்கு நாள் மாற்றுவதும், காலையில் சொன்ன விலை மாலைவரைதான் என்பதும் வியப்பல்ல.

இந்த நிலையில் எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்க வேண்டியதில்லை. கிராஃபிக்ஸ் வசதி உள்ளுக்குள்ளேயே உள்ள ப்ரொசெசரோடு தொடங்கி, கார்டைப் பின்னால் சேர்ப்பது நடைமுறைக்கு ஏற்ற வழி. ஏ.எம்.டி.யின் ரைசன் 5 5600ஜி அப்படிப்பட்டது. வெலரன்ட், டோட்டா 2 போன்றவற்றைக் குறைந்த அமைப்பில் அதுவே ஓட்டும். பெயரிலுள்ள எழுத்தைக் கவனிக்க வேண்டும்: 5600க்கு இந்த வசதி இல்லை, 5600ஜிக்கு உண்டு. இன்டெலில் 12400எஃப் போல எஃப் என்று முடிபவை எதற்கும் இல்லை. கார்ட் வரும்வரை அவற்றால் திரையில் ஒரு புள்ளி கூடத் தெரியாது. 5600ஜிக்கு ஒரு குறையும் இருக்கிறது. கார்டையும் ப்ரொசெசரையும் இணைக்கும் பி.சி.ஐ.இ. பாதையில் அது மூன்றாம் தலைமுறையை மட்டும் தருகிறது. அந்தப் பாதையின் நான்கு தடங்களோடு மட்டும் வரும் ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.டி. கார்ட் அதில் தெளிவாகவே பின்தங்கும். எட்டுத் தடமுள்ள ஆர்.எக்ஸ். 6600 அந்தளவு பாதிக்கப்படாது. 132 வொட்டில் நிற்கும் அந்தக் கார்டுதான் இத்தகைய கணினிக்கு நல்ல சோடி.

மதர்போர்டை ப்ரொசெசரின் சொக்கட்டைப் பார்த்தே வாங்க முடியும். ஏ.எம்.4 என்பது 2017இலிருந்து ரைசன்களோடு வந்த பழைய சொக்கட், டி.டி.ஆர்.4 ரெம். 2022இல் வந்த ஏ.எம்.5க்கு டி.டி.ஆர்.5 மட்டுமே, விலை கூடினாலும் நான்கைந்து ஆண்டுக்குப் பிறகு ப்ரொசெசரை மட்டும் மாற்ற இடமுண்டு. இன்டெலின் எல்.ஜி.ஏ.1700இல் இரண்டு வகைப் போர்டும் கிடைப்பதால் ரெம் வாங்குமுன் பெட்டியை வாசிக்க வேண்டும். இரண்டின் வெட்டும் வெவ்வேறு இடத்தில் இருப்பதால் ஒன்று மற்றதில் ஏறாது. பழைய இருப்பான பி450 போர்டில் ரைசன் 5000 வரிசை எழும்ப பயாஸ் புதுப்பித்திருக்க வேண்டும். ஊரில் அதைச் செய்துதர இன்னொரு ப்ரொசெசர் கிடைக்காது என்பதால் கடையிலேயே செய்து வாங்குவது அவசியம்.

ரெம் 16 ஜி.பி. வேண்டுமென்றால் ஒரே குச்சியாக அல்ல, 8 ஜி.பி. இரண்டாக. 5600ஜி போன்றவை ரெம்மையே கிராஃபிக்ஸ் நினைவகமாகவும் பயன்படுத்துவதால், இரண்டு குச்சி போட்டால் கிடைக்கும் வேகம் கண்ணுக்கே தெரியும். இந்தப் பாகம் மலிவாக இருந்த காலம் இப்போதைக்குப் போய்விட்டது. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகத்தை வாரிக்கொண்டதால் 2025இன் பிற்பகுதியில் உலகெங்கும் விலை ஏறியது; அந்த டிசெம்பரில் மைக்ரான் நிறுவனம், குருஷல் என்ற பெயரில் சில்லறைச் சந்தைக்கு விற்றுவந்த ரெம், எஸ்.எஸ்.டி. வியாபாரத்திலிருந்தே விலகுவதாக அறிவித்தது. எஸ்.எஸ்.டி.யில் 500 ஜி.பி. விரைவில் நிறைந்துவிடும்: ஜி.டி.ஏ. 5 மட்டுமே 100 ஜி.பி.க்கு மேல். டேட்டாவை எண்ணி எண்ணிப் பாவிக்கும் வீட்டில் ஒரு விளையாட்டை அழித்துவிட்டு மறுபடி இறக்குவது காசுக்கு நட்டம் என்பதால் 1 டி.பி. ஆடம்பரம் அல்ல. பழைய ஹார்ட் டிஸ்க்கை இரண்டாவது சேமிப்பாக வைக்கலாம். அதன் முனைகள் காற்றின் மேல் மிதப்பவை என்றாலும் பொதுவாக 3,000 மீற்றர் உயரம்வரை இயங்கவே அவை வடிவமைக்கப்படுகின்றன.

இன்னும் மலிவான வழி, வெளிநாட்டு அலுவலகங்களில் ஓடிக் கழித்து இங்கே விற்கப்படும் டெல், எச்.பி. கணினிகள். ஹட்டன் போன்ற நகரங்களிலும் இவை கிடைக்கின்றன. படிப்புக்கும் சிறு விளையாட்டுகளுக்கும் குறைந்த விலைக்கு இதைவிட நல்லது இல்லை. ஆனால் இவற்றின் பவர் சப்ளை அந்த நிறுவனத்துக்கே உரிய வடிவில், குறைந்த வொட்டில் இருக்கும். தனி மின்கேபிள் கேட்காத, 75 வொட்டுக்குள் அடங்கும் ஜி.டி.எக்ஸ். 1650 மாதிரிகளே அவற்றில் ஏறும்; ஒடுங்கிய கேசிங் என்றால் அதிலும் குள்ள வடிவம். ப்ரொசெசரின் தலைமுறையும் முக்கியம். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11 இன்டெலில் எட்டாம் தலைமுறைக்குக் கீழ்ப்பட்டவற்றைப் பெரும்பாலும் ஏற்பதில்லை, டி.பி.எம். 2.0 சில்லும் கேட்கிறது. விண்டோஸ் 11இல் வெலரன்டும் அந்தச் சில்லையும் ‘செக்யூர் பூட்’ அமைப்பையும் கேட்கும். நான்காம் தலைமுறை ஐ5 கணினியை ‘கேமிங் பீசீ’ என்று வண்ணவிளக்கு மாட்டி விற்பதை, எத்தனையாம் தலைமுறை என்ற ஒரே கேள்வியால் கண்டுகொள்ளலாம்.

பாவித்த கிராஃபிக்ஸ் கார்டுகளில் ஏமாற்று கூடுதல். 2022 செப்டெம்பரில் எதீரியம் என்ற மின்னணு நாணயம் தன் முறையை மாற்றி, கார்டுகளால் நாணயம் ‘தோண்டும்’ தொழில் படுத்தபோது, மாதக்கணக்கில் இரவுபகலாக ஓடிய கார்டுகள் சந்தைக்கு வந்தன. அவற்றில் பல இன்றும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. ஆர்.எக்ஸ். 580 என்ற பெயரிலேயே இரண்டு கார்டுகள் உண்டு: 2,304 செயல்மையம் உள்ளது அசல், 2,048 உள்ளது சீனச் சந்தைக்கென வந்த குறைந்த வகை. ஜி.பி.யூ.-சீ என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டால் எண் தெரிந்துவிடும். இக்மன் போன்ற விளம்பரத் தளங்களில் பார்த்து வாங்கினால், விற்பவரின் கணினியிலேயே அரைமணி நேரமாவது விளையாட்டு ஓடுவதைக் கண்டபின் பணம் கொடுப்பது நல்லது. கார்டை மாத்திரம் பேருந்து நிலையத்தில் கைமாற்றலாம் என்பவரிடம் வாங்காமல் விடுவதே நல்லது.

புதிய பாகங்களுக்கு நாட்டின் பெரிய சந்தை கொழும்பு பம்பலப்பிட்டியில், காலி வீதியில் மெஜஸ்டிக் சிட்டிக்குப் பக்கத்திலுள்ள யுனிட்டி பிளாசா. ஹட்டனிலிருந்தோ நானுஓயாவிலிருந்தோ கோட்டைக்குப் போய், அங்கிருந்து கரையோரப் பாதை ரயிலில் பம்பலப்பிட்டியில் இறங்கினால் நடக்கும் தூரம். போயா நாளிலும் ஞாயிறிலும் பல கடைகள் மூடியிருக்கும். காசுக்கு ஒரு விலை, வங்கிக் கார்டுக்கு ஒரு விலை என்பதையும் எதிர்பார்த்தே போக வேண்டும். கண்டியிலும் கடைகள் உண்டு. தெரிவு குறைவு, ஆனால் உத்தரவாத வேலைக்குத் திரும்பிப் போக அது பக்கம். சில ஆயிரம் ரூபா வித்தியாசத்துக்காகக் கொழும்பில் வாங்கி, ஒரு ரெம் குச்சியை மாற்றுவதற்கு ஒரு நாள் சம்பளத்தையும் பயணச் செலவையும் இழப்பது லாபமில்லை. கிராஃபிக்ஸ் கார்டையும் ப்ரொசெசரையும் கொழும்பிலும், பவர் சப்ளை, யூ.பி.எஸ். போன்று முதலில் பழுதாகக்கூடியவற்றைப் பக்கத்து நகரத்திலும் வாங்குவது ஒரு நடுவழி.

பற்றுச்சீட்டின் சிறிய எழுத்தை வாசித்துவிட்டே கையெழுத்திட வேண்டும். பல கடைகளில் ஓராண்டு உத்தரவாதம் என்றால் 350 நாள். எரிந்த தடம், வளைந்த பின், மின்னல் சேதம் எதற்கும் உத்தரவாதம் இல்லை. பாகத்தின் தொடரிலக்கம் பற்றுச்சீட்டில் எழுதப்பட்டிருக்கிறதா என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, சீட்டைப் படமெடுத்து வைப்பது நல்லது. வெப்பத்தாளில் அச்சிட்ட எழுத்து உத்தரவாதம் முடியுமுன்பே மறைந்துபோகும். கடை நியாயமின்றி மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்தில் முறையிடலாம்.

கடையிலேயே பூட்டி, ஓட்டிப் பார்த்து வாங்குவதா, பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து வீட்டில் பூட்டுவதா? தூரத்தில் இருப்பவருக்கு இரண்டும் கலந்த வழியே பொருந்தும். கடையில் பூட்டி எழும்புவதைக் கண்ணால் பார்த்தபின், கிராஃபிக்ஸ் கார்டை மட்டும் கழற்றி அதன் பெட்டியிலேயே வைத்துக் கொண்டுவர வேண்டும். கித்துள்கலையிலிருந்து கினிகத்தேனைக்கு ஏறும் வளைவுகளில் பேருந்து குலுங்கும்போது, ஒரு கிலோவை நெருங்கும் கார்ட் தன் பாரத்தாலேயே மதர்போர்டின் துளையை உடைத்துவிடும். கண்ணாடிப் பக்கமுள்ள கேசிங்கைப் பேருந்தின் சாமான் அறையில் போடக் கூடாது. கூரியரில் வரும் பொதியை, முகவரிச்சீட்டு தெரியும்படி தொடக்கம் முதல் வீடியோ எடுத்துக்கொண்டே பிரிக்க வேண்டும்.

வீட்டில் கார்டை மாட்டிய பின் மொனிட்டரின் கேபிளை மதர்போர்டில் அல்ல, கார்டில் செருக வேண்டும்; புதியவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். பயாஸுக்குள் போய் ரெம்முக்கு எக்ஸ்.எம்.பி. அமைப்பை இயக்காவிட்டால் 3,200 என்று காசு கொடுத்து வாங்கிய ரெம் பெரும்பாலும் 2,133இலோ 2,400இலோ ஓடிக்கொண்டிருக்கும். டி.பி.எம்., செக்யூர் பூட் இரண்டையும் அங்கேயே இயக்கிவிட்டு விண்டோஸை நிறுவலாம். முதல் வாரத்தில், அழுத்தம் இறங்கும் மாலை நேரமாகப் பார்த்து இரண்டு மூன்று மணி நேரம் கனமான விளையாட்டொன்றை ஓடவிட வேண்டும். அப்போது கணினி தானாக அணைந்தால் குறை பவர் சப்ளையிலா, யூ.பி.எஸ்.ஸிலா, சுவரிலா என்பதை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்து அறியலாம். பல கடைகள் தொடக்க நாட்களில் மட்டுமே பழுதான பாகத்தைப் புதியதாக மாற்றித் தருகின்றன. அதன் பிறகு அது திருத்தத்துக்குப் போய், சில வாரங்கள் கழித்தே திரும்பி வரும்.